பாசியில் பிறக்கும் மின்சாரம்

செஞ்சிக்கு வருவோரின் கண்கள் முதலில் மலையை நோக்கியே செல்லும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கண்டு வியந்து நிற்போர், கீழே கிடக்கும் குளங்களை அத்துணை கூர்ந்து நோக்குவதில்லை. ஆயினும் இக்கோட்டைக்கு உயிரளித்தவை அக்குளங்களே எனலாம். 1597-ஆம் ஆண்டில் இங்கு வந்த சேசு சபைத் துறவி நிக்கொலாஸ் பிமெந்தா, லிஸ்பன் ஒன்றைத் தவிரப் போர்த்துக்கல் நாட்டு நகரம் எதுவும் செஞ்சியின் பரப்புக்கு ஈடாகாது என்று எழுதிச் சென்றார். அத்துணை பெரிய நகரம், கற்பாறை நிறைந்த இவ்வறண்ட நிலத்தில் நீரைத் தேக்கி வைக்காமல் எங்ஙனம் வாழ்ந்திருக்க முடியும்? 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை வளைத்து நின்றபோதும், உள்ளிருந்தோரின் தாகம் தீர்த்தவை இங்குள்ள சுனைகளும் குளங்களுமே.

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கால அரண்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழகத்திலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. அதன் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், செஞ்சியில் வாழும் நம் உறவினர் குடும்பத்தோடு கோட்டைக்குச் சென்றிருந்தோம். செட்டிக்குளத்தின் கரையில் சற்றே அமர்ந்தோம். தேசிங்குராசனின் உடலுக்கு எரியூட்டியதாகச் சொல்லப்படும் மேடை அக்கரையில்தான் உள்ளது. குளத்து நீரின் ஓரங்களில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டுப் பெண் அதனை உற்று நோக்கிவிட்டு நம்மிடம் திரும்பினாள்.

"மாமா, இந்தப் பாசியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது உண்மைதானே?"

"யார் சொன்னது?" என்றோம்.

"நானே எடுத்துவிட்டேன்! வீட்டிற்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்றாள்.

மூன்று சாடிகளும் ஒரு சிறு விளக்கும்

பள்ளியின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு அப்பெண் ஒரு பொருளை ஆயத்தம் செய்திருந்தாள். மாட்டுத் தொட்டியில் படிந்த பாசியை எடுத்து, நீரோடு மூன்று கண்ணாடிச் சாடிகளில் நிரப்பி, பத்து நாள் வெயிலில் வைத்திருந்தாள். நீர் நல்ல பச்சை நிறம் கொண்டிருந்தது. பழைய டார்ச்சு லைட் செல்களை உடைத்து, அவற்றின் நடுவே உள்ள கரிக்குச்சியை ஒரு முனையாகவும், மேலுறையாகிய துத்தநாகத் தகட்டை மறு முனையாகவும் ஒவ்வொரு சாடியிலும் இறக்கியிருந்தாள். மூன்று சாடிகளையும் கம்பியால் தொடுத்து இணைத்ததும், கடுகளவான ஒரு சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது.

வீட்டார் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. கண்காட்சியில் முதற் பரிசு உறுதி என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். தகப்பனார் நெல் மூட்டையோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குச் சென்ற இடத்திலெல்லாம் மகளின் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசி வந்திருந்தார். நமக்கும் பெருமையே. எனினும் அத்துத்தநாகத் தகட்டைக் கண்டதும் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. அதனை மறைத்துப் பாராட்டிவிட்டு வருவது எளிது. ஆனால் அது அப்பெண்ணுக்கு நாம் செய்யும் நன்மையாகாது.

"அம்மா, பாசி இல்லாத வெறும் நீரில் இதே தகட்டையும் குச்சியையும் வைத்துப் பார்த்தாயா?" என்று வினவினோம்.

அவள் பார்க்கவில்லை. உடனே ஆழ்குழாய் நீரை வேறு மூன்று சாடிகளில் ஊற்றி, முனைகளைக் கழுவி இறக்கி, கம்பிகளை இணைத்தாள். விளக்கு முன்போலவே எரிந்தது.

சற்று நேரம் எவரும் பேசவில்லை.

நடந்தது இதுவே. துத்தநாகமும் கரியும் உப்புகள் கலந்த நீரில் நிற்கும்போது துத்தநாகம் சிறிது சிறிதாகக் கரைகிறது. கரையும்போது எலெக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. அவ்வெலெக்ட்ரான்கள் கம்பி வழியே கரியை நோக்கி ஓடுவதே மின்னோட்டம். 1800-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு வோல்ட்டா உலகிற்குக் காட்டிய மின்கலத்தின் தத்துவமும் இதுதான். எலுமிச்சம்பழத்திலும் உருளைக்கிழங்கிலும் விளக்கேற்றிக் காட்டும் பள்ளிச் சோதனைகளும் இத்தகையனவே. அங்கு விளக்கை எரிப்பது பழமோ கிழங்கோ அன்று. தேய்ந்து மறையும் உலோகமே எரிக்கிறது.

"அப்படியானால் பாசி மின்சாரம் என்பதே பொய்யா, மாமா?" என்று அப்பெண் கேட்டபோது அவள் குரல் தழுதழுத்தது.

"பொய்யன்று, ஆனால் மெய் வேறிடத்தில் இருக்கிறது" என்று சொல்லி, நாம் அறிந்தவற்றை அன்றிரவு அவளோடு அமர்ந்து பேசினோம். வாசக அன்பர்களின் இல்லங்களிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பர் ஆதலின் அவற்றை இங்கே எழுதுகிறோம்.

பாசிக்குள் நடப்பது என்ன?

பச்சிலையைப் போலவே பாசியும் ஒளிச்சேர்க்கையால் வாழ்வது. கதிரவனின் ஒளி பச்சையத்தின்மேல் விழும்போது, பாசியின் உயிரணுவுக்குள் நீர் பிளவுறுகிறது. பிராணவாயு வெளியேறுகிறது, அதனோடு எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் விடுபடுகின்றன. அவ்வெலெக்ட்ரான்களைப் பாசி கைக்குக் கை மாற்றுவதுபோல ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குக் கடத்தி, முடிவில் கரியமில வாயுவைத் தன் உணவாகச் சமைத்துக் கொள்கிறது. ஆகவே மின்னோட்டம் என்பது பாசிக்குப் புதிதன்று. அதன் உடலுக்குள் பகலெல்லாம் அது நடந்த வண்ணமே உள்ளது. அவ்வோட்டத்தில் மிகச் சிறு பங்கு உயிரணுவின் மேல்தோலைக் கடந்து வெளியே கசிகிறது. கசிவதை ஒரு மின்முனையால் ஏந்தி, கம்பி வழியே வேறொரு முனைக்குச் செலுத்துவதே பாசி மின்கலம்.

இரவில் என்ன ஆகும் என்று கேட்கலாம். பகலில் சேமித்த உணவைப் பாசி இரவில் செலவிடுகிறது. நாம் உண்ட சோற்றை நம் உடல் செலவிடுவது போன்றதே அது. அப்போதும் எலெக்ட்ரான்கள் கைமாறுகின்றன. ஆதலின் இருளிலும் ஓட்டம் அடியோடு நின்றுவிடுவதில்லை. சூரிய ஒளித் தகடுகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு இது.

உயிருள்ள நுண்பொருள்களிடமிருந்து மின்சாரம் பெறலாம் என்பதனை 1911-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டுத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர் எழுதி வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவை நொதிக் காளான்களும் பாக்டீரியாக்களும். பாசியின் முறை பின்னர் வந்தது.

கேம்பிரிட்ஜ் சன்னலோரத்துச் சிறு பெட்டி

அண்மைக் காலத்தில் இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒரு சோதனை. பாவலோ பொம்பெல்லி, கிறிஸ்டோபர் ஹவ் முதலியோர் அதனை நடத்தினர். டார்ச்சு லைட்டில் இடும் சிறிய பென்சில் செல்லின் அளவே உள்ள ஒரு கலத்தில் 'சைனெகோசிஸ்டிஸ்' என்னும் நீலப்பச்சைப் பாசியை நீரோடு அடைத்தனர். நீலப்பச்சைப் பாசிகளை விஞ்ஞானிகள் இன்று பாக்டீரியா இனத்தில் சேர்க்கின்றனர். எனினும் நம் உழவர்க்கும் நமக்கும் அவை பாசியே. அக்கலத்தின் மின்முனை அலுமினியத்தால் ஆனது. அதனை ஒரு நுண் கணிப்புச் சில்லுடன் இணைத்தனர்.

2021-ஆம் ஆண்டில் நோய்த்தொற்றின் காரணமாக ஆய்வுக்கூடங்கள் அடைபட்டிருந்த காலம் அது. பொம்பெல்லி தம் வீட்டுச் சன்னலோரத்திலேயே அக்கலத்தை வைத்துக் காத்து வந்தார். அச்சில்லு 45 நிமிடங்கள் கணக்குகளைக் கூட்டிக்கொண்டிருக்கும். பின் 15 நிமிடங்கள் ஓய்ந்திருக்கும். இவ்வாறே இரவும் பகலும் ஆறு திங்களுக்கு மேல் அது இடையறாது இயங்கியது. எவரும் மின்னேற்றம் செய்யவில்லை. சன்னல் வழியே வந்த வெளிச்சமும் கலத்திலிருந்த நீருமே போதியவையாயின. இம்முடிவுகள் 2022-ஆம் ஆண்டு மே திங்களில் ஆய்விதழில் வெளியாயின.

இங்கே நம் செஞ்சிப் பெண்ணுக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் மின்முனையும் ஓர் உலோகமே அன்றோ? அலுமினியமும் கரையக்கூடியதே. ஆகவே, எலெக்ட்ரான்களைப் பாசியே நேராகத் தருகின்றதா, அல்லது பாசி உண்டாக்கும் சூழலில் அலுமினியம் மெல்ல அரிக்கப்பட்டு மின்சாரம் எழுகின்றதா என்ற வினாவை அவர்களே எழுப்பி, இரு வழிகளும் இயலக் கூடியவை என்று தம் கட்டுரையிலேயே எழுதினர். உலகப் புகழ்பெற்ற கூடத்தில் உள்ளோர் தம் வெற்றியின் நடுவே இந்த ஐயத்தை மறைக்காமல் அச்சிட்டனர். மாட்டுத் தொட்டிப் பாசியைக் கொண்டு சோதனை செய்த பெண்ணிடம் நாம் கேட்டதும் அதே வினாதான்.

கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் உள்ள கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் முத்துக்குமரன் பாக்கிரிசாமி என்னும் பேராசிரியர் இதே துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறார். பெயரே தமிழ் மணம் கமழ்வதன்றோ? அவர் குழுவினர் வகுத்த கலத்தில் இரண்டு சிறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஓர் அறையில் பாசி நீர். மற்றதில் எலெக்ட்ரான்களை ஏற்கும் உப்புக் கரைசல். இரண்டுக்கும் இடையே புரோட்டான்களை மட்டும் கடக்கவிடும் மெல்லிய சவ்வு. சவ்வின் இருபுறமும் நுண்ணிய மின்முனைகள். 2024-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, இத்தகைய ஒரு கலம் மிகுதியாக 1 வோல்ட் வரை மின்னழுத்தம் தரக்கூடும்.

எவ்வளவு என்று கேட்க வேண்டும்

இவற்றைக் கேட்டதும் தகப்பனார் நிமிர்ந்து அமர்ந்தார். "அப்படியென்றால் நம் கிணற்றுப் பாசியைக் கொண்டு பம்பு செட்டையே ஓட்டலாமே?" என்றார்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம்மவர் வாக்கு. ஆனால் எத்தனை துளி சேர்ந்தால் எத்துணை வெள்ளம் என்பதனையும் கணக்கிட வேண்டும் அல்லவா? கேம்பிரிட்ஜில் இயங்கிய அச்சில்லு கணக்கிடும்போது செலவிட்ட மின்திறன் 0.3 மைக்ரோவாட். ஒரு வாட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோவாட். நம் வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கு 9 வாட் என்று கொள்வோம். அவ்வொரு விளக்கை எரிக்க, இவ்வளவே தரும் கலங்கள் 3 கோடி வேண்டும்! பம்பு செட்டைப் பற்றிப் பின் சொல்லவும் வேண்டுமோ?

இதற்குக் காரணமும் விளங்காததன்று. கூரைமேல் வைக்கும் சூரிய ஒளித் தகடு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. பாசியோ ஒளியில் நூற்றுக்குச் சில பங்கையே தன் உணவாக்குகிறது. அதிலும் நமக்கென வெளியே கசிவது அற்பமே. பாசி நமக்காக வாழவில்லை, தனக்காக வாழ்கிறது. அதன் உணவிலிருந்து சிந்துவதையே நாம் ஏந்துகிறோம்.

எனில், இதன் பயன் யாது? நிறைய வேண்டாத, ஆனால் நெடுநாள் வேண்டும் இடங்கள் பல உண்டு. வயலின் ஈரத்தை அளந்து சொல்லும் சிறு கருவி, கிணற்றின் நீர்மட்டத்தைக் குறிக்கும் கருவி, காட்டின் வெப்பத்தைக் கணிக்கும் கருவி ஆகியவற்றிற்கு வேண்டுவது மிகச் சிறிய அளவு மின்சாரமே. அவற்றில் இடும் பாட்டரி தீர்ந்தால் மாற்ற ஆள் செல்ல வேண்டும். தீர்ந்த பாட்டரி மண்ணில் விழுந்தால் நஞ்சாகும். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள கலம் அத்தகைய இடங்களில் உதவக்கூடும் என்பதே ஆய்வாளர் நாட்டம்.

இந்த அளவறிதல் நமக்கு இன்றியமையாதது. 1996-ஆம் ஆண்டில் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்ற செய்தி தமிழகத்தையே ஆட்டிவைத்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார். சோதனையில் அது நிலைக்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை மோசடி எனத் தீர்ப்பளித்துத் தண்டனையும் விதித்தது. இடைக்காலத்தில் எத்தனை பேர் நம்பி ஏமாந்தனர்! 'எவ்வளவு?', 'எங்கிருந்து?' என்னும் இரு வினாக்களை முதலிலேயே கேட்டிருந்தால் அவ்வளவு தூரம் சென்றிருக்காது.

பாசியை மதித்த தமிழகம்

மின்சாரம் அற்பமாயினும் பாசி அற்பமன்று. பாசியைக் கற்பதில் தமிழகம் உலகிற்கே முன்னோடியாக நின்றதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். ஓ. பி. அய்யங்கார் (1886–1963) இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவர் வழிவந்த டி. வி. தேசிகாச்சாரி 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய பெருநூல் இன்றும் ஆய்வாளர் கையில் உள்ளது.

நெல்வயலில் தேங்கும் நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன என்பதனை 1939-ஆம் ஆண்டில் பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். அதன் பயனாகவே இன்று எக்டேருக்கு 10 கிலோ பாசி உரம் இடுமாறு நம் உழவர்க்குப் பரிந்துரைக்கின்றனர். சென்னையில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்திரி, சத்து மிகுந்த சுருள்பாசியைச் சிற்றூர்ப் பெண்களே சிறு தொட்டிகளில் வளர்க்கும் முறையை உருவாக்கப் பாடுபட்டார். தம் மாட்டுத் தொட்டியின் பாசியை அன்றுவரை தேய்த்துக் கழுவிக் கொட்டிவந்த அவ்வீட்டுத் தாயார் இதனைக் கேட்டு, "இது இவ்வளவு வேலை செய்யுமா?" என்று வியந்தார்.

கண்காட்சி நாள்

நாம் விடைபெறும் வேளையில் தகப்பனார் நம்மைத் திண்ணைக்கு அழைத்தார். "கண்காட்சிக்கு ஆறு நாளே இருக்கிறது, மச்சான். விளக்கு எரிகிறதல்லவா? வெறும் நீரிலும் எரியும் என்று யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளை மனம் உடைந்துவிடும்" என்றார். மகள்மேல் கொண்ட அன்பே அவரை அவ்வாறு பேசவைத்தது. ஆதலின் நாம் வாதாடவில்லை. "அவளிடமே விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

அவள் விளக்கைக் கைவிடவில்லை, பொய்யையும் கைக்கொள்ளவில்லை. பாசி நீர்ச் சாடிகளையும் வெறும் நீர்ச் சாடிகளையும் அருகருகே வைத்து, இரண்டிலும் விளக்கு எரிவதை முதலில் காட்டினாள். 'இது பாசி மின்சாரம் அன்று. துத்தநாகம் கரைவதால் வருவது' என்று அட்டையில் எழுதி வைத்தாள். அடுத்து மற்றொரு சோதனை. துத்தநாகத்தை அறவே நீக்கி, இரு முனைகளுக்கும் கரிக்குச்சிகளையே கொண்டாள். ஒரு சாடியில் பாசி நீர். மற்றதில் காய்ச்சி ஆற்றிய நீர். இரண்டையும் உப்பு நீரில் தோய்த்த பருத்தித் திரியால் இணைத்தாள். விளக்கு எரியவில்லை. மல்ட்டி மீட்டரில் மட்டும் சில மில்லிவோல்ட் காட்டியது. கறுப்புத் துணியால் மூடியபோது அது குறைந்தது. மூன்று நாள் அளவுகளையும் நேரம் குறித்து ஏட்டில் எழுதியிருந்தாள். அடியில் ஒரு வரி: 'வெயிலின் சூட்டாலும் இம்மாற்றம் நேரலாம், அதனை இன்னும் பிரித்தறியவில்லை.'

முதற் பரிசு வேறொரு மாணவனுக்குச் சென்றது. பார்வையிட வந்த பிள்ளைகளும் எரியாத விளக்கின்முன் அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால் நடுவராக வந்திருந்த பேராசிரியர் ஒருவர் அவ்வேட்டை முதலிலிருந்து இறுதிவரை படித்துவிட்டு, சூட்டையும் ஒளியையும் எவ்வாறு பிரித்தறியலாம் என்று அவளோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம்.

சென்ற முறை செஞ்சிக்குச் சென்றபோது அவ்வீட்டுச் சன்னலோரத்தில் அச்சாடி இருந்தது. நீர் இன்னும் பச்சையாகவே இருந்தது. அருகில் ஒரு வெப்பமானியும் புதிதாக இடம்பெற்றிருந்தது. விருந்தினர் வந்தால் விளக்கை எரித்துக் காட்டச் சொல்லிவந்த தகப்பனார், இப்போது ஏட்டை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார். "இன்று காலைக் கணக்கை நான்தான் எழுதினேன், பாருங்கள்" என்றார்.